நிறுத்தி வைத்த வண்டியின் டேங்க்

பல்லடம் பக்கம் ஒரு அண்ணன் இருக்கிறார். தறிகளை விற்ற பிறகு காலியாகக் கிடந்த குடோன் முழுக்கப் பழைய வண்டிகளை நிறுத்தியிருக்கிறார். மொத்தம் பதினான்கு. யெஸ்டி, ஆர்எக்ஸ் 100 எல்லாம் ஊருக்குப் பத்து கிடைக்கும். இவர் தேடித் தேடி வாங்கியது வேறு ரகம்: டூ ஸ்ட்ரோக் இன்ஜினோடு வந்த என்ஃபீல்டு மினி புல்லட், சின்னச் சக்கரத்து ராஜ்தூத் ஜிடிஎஸ் 175, அந்தக் காலத்திலேயே டிஸ்க் பிரேக் போட்டு வந்த ஃபியூரி 175, டீசலில் ஓடும் என்ஃபீல்டு டாரஸ். ஃபியூரிக்கு ஒரு பாகம் வேண்டுமென்றால் மாதக்கணக்கில் அலைய வேண்டும். இந்த மாதிரி வண்டிகள் ஓடித் தேய்ந்து என் பட்டறைக்கு வருவது அபூர்வம். நின்று நின்றே கெட்டுப்போய் வருகின்றன. அதில் முதலில் போவது டேங்க்.

போன ஆடி மாசம் போன் வந்தது. "தம்பி, ஜிடிஎஸ்ஸு ஸ்டார்ட் ஆக மாட்டீங்குது. ஒரு எட்டு வந்து பாருங்க."

"கடைசியா எப்பங்ணா ஓட்டுனீங்க?"

"பொங்கலுக்கு ஒரு ரவுண்டு போனதுதான்."

மூடியைத் திறந்ததும் பழைய வார்னிஷ் வாடை. பெட்ரோல் காக்கைத் திறந்து, வந்ததைக் கண்ணாடி பாட்டிலில் பிடித்து ஜன்னல் ஓரம் வைத்தோம். டீ குடித்து வருவதற்குள் இரண்டாகப் பிரிந்து நின்றது. மேலே ஆயில் கலந்த பெட்ரோல். அடியில் இரண்டு விரல் உயரத்துக்குக் கலங்கல், அதற்கும் கீழே துருப்பொடி.

2023-ல் விற்பனைக்கு வந்த 20 சதவீத எத்தனால் பெட்ரோல்தான் இன்று பெரும்பாலான பெட்ரோல் பங்க்குகளில் கிடைக்கிறது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். பாதி டேங்க் காலியாக இருந்தால் அந்த இடம் முழுக்கக் காற்று. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற ஆனி, ஆடிக் காற்றில் எவ்வளவு ஈரம் என்று நமக்குத் தெரியும். மூடியின் வாசர் காய்ந்திருந்தால், வண்டி கழுவுகிற தண்ணீரும் உள்ளே இறங்கும். ஓர் அளவைத் தாண்டியதும் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பெட்ரோலை விட்டுப் பிரிந்து அடியில் போய்த் தங்கிவிடும்.

ஜிடிஎஸ், மினி புல்லட் மாதிரி பெட்ரோலிலேயே ஆயில் கலந்து ஊற்றும் வண்டிகளுக்கு இது பெரிய ஆபத்து. ஆயில் மேலே நிற்கிற பெட்ரோலோடு போய்விடும். காக் எடுப்பது அடியில் இருப்பதை. தப்பித்தவறி ஸ்டார்ட் ஆனாலும் பிஸ்டனுக்கு ஆயில் போகாது. நாலு கிலோமீட்டரில் பிஸ்டன் இறுகி இன்ஜின் சீஸ் ஆகிவிடும். ஸ்டார்ட் ஆகாமல் போனது அண்ணனின் நல்ல நேரம்.

அன்றே எல்லா வண்டியையும் பார்த்தோம். டாரஸ் டேங்க் மட்டும் சுத்தமாக இருந்தது, அதில் இருந்தது டீசல். மினி புல்லட் டேங்க் அடியில் துரு தின்று ஆணிமுனை அளவு ஓட்டை. "பக்கத்து வெல்டிங் கடையில ஒரு டாக் வெச்சுட்டு வந்தர்றேன்" என்று டேங்கைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். கையைப் பிடித்து நிறுத்தினேன்.

நான் தொழில் பழகிய பட்டறையில் ஒரு டேங்குக்கு இப்படித்தான் வெல்டிங் வைத்தார்கள். இரண்டு நாள் வெயிலில் காய வைத்த டேங்க் அது. உள்ளே சொட்டு பெட்ரோல் இல்லை. நெருப்பு பட்டதும் வெடித்தது. என்னோடு வேலை பார்த்த அண்ணனுக்கு முழங்கை வரை வெந்துபோனது. காற்றில் 1.4-லிருந்து 7.6 சதவீதம் பெட்ரோல் ஆவி இருந்தாலே தீப்பிடிக்கும். நிறைந்த டேங்கில் அந்த ஆவிக்கு இடமும் இல்லை, காற்றும் இல்லை. காலி டேங்கில் இரண்டும் உண்டு. துருவுக்குள்ளும் மடிப்புக்குள்ளும் ஊறிய பெட்ரோல் சூடு பட்டதும்தான் வெளியே வரும். ஒரு தடவை தண்ணீர் விட்டு அலசினால் போதும் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். டேங்க் வேலை மட்டுமே பார்க்கிறவரிடம் கொடுங்கள். எத்தனை நாள் ஆனாலும் சரி.

ஒரு மாதத்துக்கு மேல் எடுக்கப் போவதில்லை என்றால் டேங்கை முழுக்க வடியுங்கள். கார்புரேட்டர் கிண்ணத்தில் நிற்பதையும் சேர்த்து. பெட்ரோல் போகிற சின்னத் துளையான ஜெட்டை அடைப்பது அந்தக் கொஞ்சம்தான். பிறகு அரை டம்ளர் டூடி ஆயிலை (டூ ஸ்ட்ரோக் வண்டிக்கு ஊற்றும் ஆயில்) உள்ளே விட்டு, எல்லாப் பக்கமும் படும்படி டேங்கைச் சாய்த்துச் சாய்த்து உருட்டுங்கள். வடித்த பெட்ரோலைக் குடோனுக்குள் வைக்க வேண்டாம். அதன் ஆவி காற்றைவிடக் கனம், தரையோடு படர்ந்து போகும். ஒரு சுவிட்ச் பொறி போதும். லேசான துருவுக்கு எலுமிச்சை உப்பு கரைத்த வெந்நீர் நன்றாக வேலை செய்யும். பிறகு சோடா உப்புத் தண்ணீரில் அலசி, காய்ந்த கையோடு ஆயில் விட வேண்டும். கக்கூஸ் ஆசிட் ஊற்றினால் துருவோடு தகடும் போகும்.

அண்ணனின் குடோன் சுவரில் பழைய தறி நம்பர்கள் பெயிண்டில் இன்னும் இருக்கின்றன. ஒவ்வொரு நம்பருக்குக் கீழேயும் ஒரு வண்டி. டேங்க் வடித்த தேதியை அங்கேயே சாக்பீஸில் எழுதி வருகிறார். ஒன்பதாம் நம்பருக்குக் கீழே மட்டும் தேதி இல்லை. மினி புல்லட் டேங்க் என் பட்டறை அலமாரியில், வாய் திறந்தபடி, கோயம்புத்தூர் டேங்க்காரர் வருவதற்காகக் காத்திருக்கிறது.