ஏர் சஸ்பென்ஷன்: தொங்கலா, தாங்கலா, வில்லா?

நெடுந்தூரப் பயண பைக் வைத்திருப்பவர்களிடம் அடிக்கடி கேட்கும் வார்த்தை, ‘ஏர் சஸ்பென்ஷன் போயிடுச்சு’. சக்கரத்துக்கும் பைக்கின் உடலுக்கும் நடுவே நின்று, அடைபட்ட காற்றைக் கொண்டு எடையையும் குலுக்கலையும் தாங்கும் அமைப்புதான் அது. போனது காற்றா, எண்ணெயா, குழாயா, பம்பா என்று கேட்டால் பதில் வராது. ஒரே சொல்லுக்குள் இத்தனை உறுப்புகளைத் திணித்து வைத்திருக்கிறோம். சொல்லைப் பிரித்துப் பார்த்தால் பழுதும் பாதி பிடிபட்டுவிடும்.

சஸ்பென்ஷனுக்கு வேர் லத்தீன். ‘பெண்டெரே’ என்றால் தொங்கவிடுதல். கடிகாரத்தின் பெண்டுலம், கழுத்தில் போடும் பெண்டன்ட், அலுவலகத்தில் சஸ்பெண்ட், கதையில் சஸ்பென்ஸ் எல்லாம் இந்த ஒரே வேரில் கிளைத்தவை. வண்டிக்கு இந்தப் பெயர் வந்ததற்கும் காரணம் உண்டு. ஐரோப்பாவில் பழைய குதிரை வண்டிகளின் பெட்டியைச் சட்டத்திலிருந்து தோல் வார்களால் கட்டித் தொங்கவிட்டார்கள். குலுக்கல் பெட்டிக்குள் அப்படியே இறங்காமல் அந்த வார்கள் பார்த்துக்கொண்டன. பிறகு எஃகுப் பட்டைகளும் சுருள்களும் வந்தன. பெட்டி அவற்றின் மேல் ஏறி உட்கார்ந்தது. பெயர் மட்டும் பழையபடியே நின்றுவிட்டது.

அதனால்தான் இதைத் தமிழில் ‘தொங்கல்’, ‘தொங்கு அமைப்பு’ என்று எழுதும்போது எனக்கு ஒட்டுவதில்லை. தொங்கு பாலம் சரி, அது உண்மையிலேயே தொங்குகிறது. பைக்கில் எதுவும் தொங்கவில்லை. எடை மேலிருந்து அழுத்துகிறது, கீழே ஒன்று தாங்குகிறது. ‘தாங்கு’ என்ற வினை இங்கே எவ்வளவு கச்சிதம் என்று பாருங்கள். எடையைத் தாங்குவதும் தாங்கல்தான், அடியைத் தாங்குவதும் தாங்கல்தான். இந்த அமைப்பு செய்வதும் அந்த இரண்டையும்தான். எனவே முழு அமைப்புக்குத் ‘தாங்கமைப்பு’ என்பேன்.

அதன் உள்ளுறுப்புக்கு நம்மிடம் இன்னும் நல்ல சொல் இருக்கிறது: வில். மாட்டு வண்டியின் அடியில் எஃகுப் பட்டைகளை வைத்ததும், யாரும் அகராதியைத் தேடிப் போகவில்லை, ‘வில்வண்டி’ என்று சொல்லிவிட்டார்கள். வளைந்து கொடுத்து மறுபடி நிமிர்வது வில். பாடநூல்களில் ஸ்பிரிங்குக்குச் சுருள்வில் என்கிறோம். அப்படியானால் எஃகின் வேலையை அடைபட்ட காற்று செய்யும்போது அது ‘காற்றுவில்’. ஏர் ஸ்பிரிங்குக்கு இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தெரிந்து இல்லை.

காற்று எப்படி வில்லாகும்? ராபர்ட் பாயில் 1662இல் வெளியிட்ட விதி இதுதான்: வெப்பநிலை மாறாமல் காற்றின் இடத்தைப் பாதியாகச் சுருக்கினால் அழுத்தம் இரண்டு மடங்காகும். அமுங்க அமுங்கக் காற்றுவில் விறைத்துக்கொண்டே போவது இதனால்தான். பயண பைக்குக்கு இதில் இன்னொரு வசதியும் உண்டு. ஒரு நாள் தனியே போவோம், மறுநாள் பின்னால் ஒருவர், இருபக்கமும் நிறைந்த பெட்டிகள். சுருள்வில்லை அடிக்கடி மாற்ற முடியாது, காற்றைக் கூட்டலாம், குறைக்கலாம். 1980இல் வந்த ஹோண்டா கோல்ட் விங் ஜிஎல் 1100இல் முன்னும் பின்னும் இந்த வசதி இருந்தது.

அடுத்து ஷாக் அப்சார்பர். ‘அதிர்ச்சி உறிஞ்சி’ என்று மொழிபெயர்ப்பவர்கள் உண்டு. ஆனால் அடியை வாங்கிக்கொள்வது வில். வாங்கிய பிறகு மேலும் கீழும் ஆடாமல் அடக்குவதுதான் ஷாக்குக்குள் இருக்கும் எண்ணெயின் வேலை. சிறு துளைகள் வழியே பிதுங்கி ஓடி, ஆட்டத்தைச் சூடாக மாற்றிவிடுகிறது. இதற்குத் ‘தணிப்பான்’ பொருந்தும்.

சரி, இப்போது பைக்குக்கு வருவோம். வால் பகுதியைக் கையால் அழுத்திவிட்டு விடுங்கள். எழுந்து அப்படியே நின்றால் தணிப்பான் நலம். இரண்டு மூன்று முறை ஆடினால் எண்ணெய்ப் பக்கம் கோளாறு, எவ்வளவு காற்று அடித்தாலும் சரியாகாது. ஆட்டமில்லை, ஆனால் சின்னப் பள்ளத்திலேயே ‘டங்’ என்று அடிவரை போய் இடிக்கிறதென்றால் முதலில் காற்றுவில்லைப் பாருங்கள். சைடு ஸ்டாண்டில் பைக் வழக்கத்தைவிட நிமிர்ந்து நிற்பதும், ஹெட்லைட் வெளிச்சம் மேலே ஏறிப்போவதும் பின்பக்கம் இறங்கிவிட்டதன் அடையாளங்கள்.

காற்று இறங்கியிருந்தால் உடனே கசிவு என்று முடிவுகட்ட வேண்டாம். ஓடி நின்ற சூட்டில், காற்று 50 டிகிரி செல்சியஸில் இருக்கும்போது 30 பிஎஸ்ஐ காட்டியது, இரவில் 20 டிகிரிக்குக் குளிர்ந்தால் ஒரு துளி கசியாமலே 26 பிஎஸ்ஐ அளவுக்கு வந்துவிடும். அதனால் எப்போதும் குளிர்ந்த நிலையில், பைக் மேல் யாரும் உட்காராதபோது அளக்க வேண்டும். டயரைப் போல இங்கே லிட்டர் கணக்கில் காற்று கிடையாது, மிகக் கொஞ்சம்தான். அழுத்தம் அளக்கும் கேஜை மாட்டிக் கழற்றும்போது ‘புஸ்’ என்று போகும் காற்றே அளவைக் கீழே தள்ளிவிடும். அதற்கென்று இருக்கும் கைப்பம்புதான் சரி. டயருக்கு அடிக்கும் பெரிய கம்ப்ரஸரை நேராக வைத்தால் கண் இமைக்கும் நேரத்தில் அழுத்தம் எகிறி சீல் பிய்ந்துவிடும். இந்தத் தவறை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள்.

உண்மையான கசிவு என்றால் சோப்புத் தண்ணீர் போதும். முதலில் வால்வு, பிறகு குழாய் சேரும் ஒவ்வொரு இணைப்பு. என் பைக்கில் ஒருமுறை இரண்டு நாளைக்கு ஒருதரம் பின்பக்கம் இறங்கியது. ஷாக் இரண்டையும் மாற்றச் சொன்னார்கள். பிரஷ்ஷால் சோப்பு நுரையைத் தடவிக் காத்திருந்தபோது, குழாய் இணைப்பில் கடுகளவு குமிழி ஒன்று மெல்ல ஊதி, உடைந்து, மறுபடி ஊதியது. உள்ளே இருந்த ஓ-ரிங், அதாவது காற்றை அடைக்கும் ரப்பர் வளையம், வெடித்திருந்தது. அதை மாற்றியதும் தீர்ந்தது.

பைக்கிலேயே பம்பு இருந்தால், அது ஓடுகிறதா என்று காதால் கேளுங்கள். சத்தமே இல்லையென்றால் ஃபியூஸ், ரிலே (பம்புக்கு மின்சாரத்தைத் திறந்துவிடும் சுவிட்ச்), ஒயர் ஆகியவற்றைப் பாருங்கள். ஓடியும் அழுத்தம் ஏறாவிட்டால் பெரும்பாலும் கசிவு அல்லது வால்வு.

கடைசியாக ஒன்று. காற்றை இறக்கும்போது வால்வு வாயில் ஒரு வெள்ளைத் துணியைப் பிடியுங்கள். துணியில் எண்ணெய் தெறித்தால், தணிப்பானின் எண்ணெய் காற்றுவில்லின் பக்கம் நுழைந்திருக்கலாம். அப்போது ஷாக்கைக் கழற்றிப் பார்க்கத்தான் வேண்டும்.