எந்தச் செங்கொடி, பாட்டி?

நீலகிரிக் கூடலூரில் தொழிலாளர் வழக்குகளை நடத்தி வருகிறேன். பெரும்பாலும் பணிக்கொடை (கிராஜுவிட்டி), சேமநல நிதி (பி.எஃப்.), விட்டுப்போன கூலி. சில ஆண்டுகளுக்கு முன், தேயிலைக் கொழுந்து பறித்து ஓய்வுபெற்ற பாட்டி ஒருவர் பிளாஸ்டிக் பை ஒன்றை என் மேசைமேல் கவிழ்த்தார். இலங்கையிலிருந்து வந்தவர்களைத் தங்கவைத்த மண்டபம் முகாம் காலத்துக் குடும்ப அட்டை, இரண்டு கட்டுச் சந்தா ரசீதுகள், ஒரே பணிக்கொடைக்காக இரண்டு சங்கங்கள் போட்ட இரண்டு மனுக்களின் நகல்கள்.

ஒரு மனுவில் வேலைக்குச் சேர்ந்த ஆண்டு 1976, மற்றதில் 1979. தோட்டத் தரப்புக்கு இது போதாதா? பின்னதையே பிடித்துக்கொண்டார்கள். ஓராண்டுப் பணிக்கு 15 நாள் கூலி என்பது கணக்கு. மூன்று ஆண்டு போனால் 45 நாள் கூலி போயிற்று.

“எந்தச் சங்கம் உங்கள் சங்கம், பாட்டி?” என்று கேட்டேன்.

“இரண்டும் செங்கொடிதானே, வக்கீலம்மா. அப்பா சிலோனில் சண்முகதாசன் சங்கம். இங்கே வந்து யார் ரசீது கொடுத்தாலும் வாங்கிக்கொண்டோம்.”

இரண்டும் செங்கொடிதான். ஆனால் அந்தக் கொடி கிழிந்த கதை தெரியாமல் நம் மலைத் தோட்டங்களின் சங்க அரசியல் புரியாது. 1956 பிப்ரவரியில் சோவியத் கம்யூனிஸ்ட் கட்சியின் 20ஆவது மாநாட்டில் அதன் தலைவர் குருஷ்சேவ் ஸ்டாலினைக் கண்டித்துப் பேசினார். பீக்கிங்குக்கு, அதாவது சீனக் கட்சிக்கு, அது பிடிக்கவில்லை. போரில்லாமல் முதலாளித்துவ நாடுகளோடு சேர்ந்து வாழலாமா, தேர்தல் வழியாக ஆட்சிக்கு வரலாமா என்று தொடங்கிய வாதம் 1963க்குள் பகிரங்கச் சண்டையாகிவிட்டது. அதன் பிறகு எந்த நாட்டிலும் கட்சி ஒன்றாக இருப்பது அரிதாயிற்று.

இலங்கையில் நிலைமை இன்னும் சிக்கல். அங்கே பழைய இடதுசாரிக் கட்சி மாஸ்கோவையும் சேர்ந்ததில்லை, பீக்கிங்கையும் சேர்ந்ததில்லை. 1935இல் தொடங்கிய லங்கா சமசமாஜக் கட்சி, ஸ்டாலினை எதிர்த்த டிராட்ஸ்கியின் பக்கம் சாய்ந்தது. ஸ்டாலினை ஏற்றவர்கள் வெளியே போய் 1943இல் கம்யூனிஸ்ட் கட்சி கண்டார்கள். அந்தக் கட்சியிலிருந்து 1963-64இல் சீனப் பக்கம் பிரிந்தவர்தான் நா. சண்முகதாசன். பாட்டியின் அப்பா இருந்த சங்கம் அந்த வழி வந்தது.

1964ஆம் ஆண்டை நான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பதுண்டு. இந்தியாவிலிருந்து இலங்கைத் தோட்டங்களுக்கு வேலைக்குப் போன மலையகத் தமிழரின் குடியுரிமையைப் பறித்த 1948ஆம் ஆண்டுச் சட்டத்தை எதிர்த்து நின்ற சமசமாஜக் கட்சி, 1964 ஜூனில் பிரதமர் சிறிமாவோவின் அமைச்சரவையில் சேர்ந்தது. கட்சித் தலைவர் என். எம். பெரேரா நிதியமைச்சரானார். டிராட்ஸ்கியவாதிகளின் உலக அமைப்பான நான்காம் அகிலம் கட்சியை விலக்கியது. அதே அரசுதான் அக்டோபர் 30 அன்று இந்தியப் பிரதமர் சாஸ்திரியோடு மலையகத் தமிழர் பற்றி ஒப்பந்தம் செய்தது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேருக்கு இலங்கைக் குடியுரிமை, மீதி 1,50,000 பேர் கதி பிறகு பார்க்கலாம். மறுநாள் அக்டோபர் 31. கல்கத்தாவில் ஒரு மாநாடு கூடியது. இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி இரண்டானதை அது உறுதிசெய்தது. அனுப்பிய கரையிலும் பிளவு, ஏற்றுக்கொண்ட கரையிலும் பிளவு. நடுவே கப்பலேறியவர்களிடம் யாரும் கொள்கை கேட்கவில்லை. பெரேராவை இன்றும் மதிக்கிறேன். இந்த ஓர் இடத்தில் என்னால் அவருக்காக வாதாட முடியாது.

இந்தியாவில் கட்சி 1964இல் பிரிந்தாலும் தொழிற்சங்கம் உடனே பிரியவில்லை. 1920இல் பிறந்த தொழிற்சங்கக் கூட்டமைப்பான ஏஐடியுசிக்குள்ளேயே இரு தரப்பும் ஆறு ஆண்டுகள் முட்டிக்கொண்டு கிடந்து, 1970இல்தான் மார்க்சிஸ்ட் தரப்பின் சிஐடியு தனியாக வந்தது. பாட்டியின் இரண்டு சங்கங்களும் இவையல்ல. பிற்பாடு உள்ளூரிலேயே ஒன்று இரண்டானவை. அவற்றின் தலைவர்களிடம் பிரிந்த காரணம் கேட்டபோது ஒருவர் கொள்கை என்றார், மற்றவர் கட்டட வாடகை என்றார். இரண்டாமவரை நம்பினேன்.

தோட்டத்தில் இருப்பவர்கள் சங்கத்தில் சேராமல் இருக்க வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். சங்கம் இல்லாத எஸ்டேட்டுகளின் செக்ரோலை, அதாவது வருகை, கூலிப் பதிவேட்டை, பார்த்தவள் நான். ஆனால் ரசீதைப் படியுங்கள். பதிவு எண் இருக்கிறதா, எந்தக் கூட்டமைப்போடு இணைந்தது, சங்கம் உடைந்தபோது அந்தப் பதிவு எண் யாரிடம் தங்கியது என்று செயலாளரிடம் வாய்விட்டுக் கேளுங்கள். 2020ஆம் ஆண்டுத் தொழிலுறவுச் சட்டத்தொகுப்பின்படி, பல சங்கங்கள் உள்ள இடத்தில் 51 விழுக்காடு ஆதரவுள்ள சங்கமே பேச்சுவார்த்தைச் சங்கம். அப்படி ஒன்றும் இல்லையென்றால் 20 விழுக்காட்டுக்குக் குறையாத ஆதரவு உள்ளவை மட்டுமே பேச்சுவார்த்தைக் குழுவுக்கு ஆள் அனுப்பலாம். ஆறாகச் சிதறிய தோட்டத்தில் மேசையில் உட்கார ஆளே இல்லாமல் போகலாம்.

பணிக்கொடை உங்களுக்குச் சேரவேண்டிய பணம். சங்கம் அதற்குத் துணை வரலாம், உரிமை கொண்டாட முடியாது. மனு ஒன்றே ஒன்று போகட்டும். சேர்ந்த ஆண்டை நினைவிலிருந்து சொல்லாமல் சேமநல நிதிச் சீட்டைப் பார்த்துச் சொல்லுங்கள்.

பாட்டியின் இரண்டு மனுக்களையும் திரும்பப் பெற்று, அவர் பெயரில் புதிதாக ஒன்று போட்டோம். பழைய நிதிச் சீட்டில் 1976 என்று இருந்தது காப்பாற்றியது. பணம் வந்த பிறகு ஒருநாள் கூடலூர் பஸ் நிலையத்தில் மருமகளோடு நின்றிருந்தார். மருமகள் இப்போது எந்தச் சங்கம் என்று கேட்டேன்.

“இரண்டுக்கும்தான் கட்டுகிறாள், வக்கீலம்மா. இரண்டு செயலாளரும் எங்கள் லய வீட்டு வரிசையிலேயே இருக்கிறார்கள். யாரைப் பகைத்துக்கொள்வது?”