டெலிரியம்: சால் விலகிய புத்தி

நேற்று மத்தியானம் வரை பேரன் பெயர், பென்ஷன் தேதி, கோயில் திருவிழா நாள் எல்லாம் சரியாகச் சொன்ன ஆயா, இன்று காலையில் மகளைப் பார்த்து “நீ யாரு?” என்கிறார். தென்னாப்பிரிக்காவின் டர்பன் ஆஸ்பத்திரியில் டாக்டர் ‘டெலிரியம்’ என்று எழுதுகிறார். வீட்டுக்குப் போகும் சேதியோ “ஆயாவுக்கு மறதி வியாதி வந்துடுச்சு” என்பது. இந்த மொழிபெயர்ப்புத் தப்பால் உயிரே போகலாம். மறதி வியாதிக்கு அடுத்த மாதம் டாக்டரைப் பார்த்தாலும் போதும். டெலிரியத்துக்கு இன்றே பார்க்க வேண்டும்.

சொல் லத்தீன். ‘டே’ என்றால் விலகி. ‘லீரா’ என்றால் உழும்போது இரண்டு சாலுக்கு நடுவே எழும் மண்மேடு. கரும்புக்காரர்கள் பார் என்று சொல்வது. ஏர் அந்த வரிசையை விட்டு விலகிப் போனால் ‘டேலீராரே’. 1860 முதல் 1911 வரை ஒன்றரை லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் ஒப்பந்தக் கூலிகளாக வந்து இறங்கிய, டர்பன் இருக்கும் நேட்டாலில், பார் என்ன, சால் என்ன என்று நம்மவர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஏர் உடையவில்லை, மாடு சாகவில்லை. தடம் மாறிவிட்டது, அவ்வளவுதான். திருப்பி விடலாம் என்ற நம்பிக்கை அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. முதலாம் நூற்றாண்டு ரோமானியர் செல்சஸ் காய்ச்சலில் வரும் பிதற்றலைச் சொல்ல இதைக் கையாண்டார். குடியை நிறுத்தியவருக்கு வரும் நடுக்கத்தோடு கூடிய பிதற்றலை 1813-இல் தாமஸ் சட்டன் ‘டெலிரியம் ட்ரெமன்ஸ்’ என்றார்.

இன்றைய மருத்துவப் பொருள் பிதற்றல் அல்ல. மனநோய்களை வரையறுக்கும், 2013-இல் வந்த டி.எஸ்.எம்.-5 கையேடு கவனத்தையும் விழிப்புணர்வையும்தான் முதலில் வைக்கிறது. ஒன்றின்மேல் மனம் நிற்காது. இது சில மணி நேரத்தில், அல்லது ஓரிரு நாளில் வரும். ஒரே நாளுக்குள் ஏறி இறங்கும். பொழுது சாய்ந்தால் பெரும்பாலும் மோசமாகும். உடம்பில் ஒரு காரணம் இருந்தே தீரும்: தொற்று, மருந்து, நீர் வற்றல், சோடியம் குறைவு, மூச்சுக் குறைவு, அறுவைச் சிகிச்சை. காலையில் தெளிவாகப் பேசியவரைப் பார்த்துவிட்டு “சரியாயிட்டாரு” என்று வீட்டுக்குக் கூட்டிப் போனால், இரவில் மறுபடி தொடங்கிவிடும்.

கத்திக் குதித்து, ஊசிக் குழாயைப் பிடுங்கி எறிபவரை எல்லோரும் கவனிப்பார்கள். கவனிக்காமல் போவது இன்னொரு வகை. கூப்பிட்டால் கண் திறப்பார், பாதிச் சொல்லில் மூடிவிடுவார். வாயில் வைத்த சோற்றை மெல்ல மறந்து அப்படியே வைத்திருப்பார். விரல்கள் மட்டும் போர்வையின் ஓரத்தைக் கிள்ளிக் கிள்ளிப் பிய்க்கும். இல்லாத நூலைக் காற்றில் பிடித்து இழுக்கும். இந்தக் கைவேலையைப் பழைய கிரேக்க வைத்தியர்களே கெட்ட அறிகுறி என்று எழுதி வைத்தார்கள். “தாத்தா இன்னிக்கு சாதுவா இருக்காரு, தொந்தரவே இல்லை” என்று சொல்லும்போதுதான் பயப்பட வேண்டும்.

அளக்க ஒரு வழி உண்டு. எடின்பரோவில் உருவான 4ஏடி சோதனைக்கு இரண்டு நிமிடம் போதும். ஆள் விழிப்பாக இருக்கிறாரா என்பது முதலாவது. வயது, பிறந்த தேதி, இருக்கும் இடம், இந்த வருடம் ஆகிய நான்கு கேள்விகள் இரண்டாவது. டிசம்பரிலிருந்து பின்னோக்கி மாதங்களைச் சொல்வது மூன்றாவது. ஏழு மாதமாவது சரியாக வர வேண்டும். சமீபத்தில் திடீர் மாற்றமோ ஏற்ற இறக்கமோ உண்டா என்பது நான்காவது. தவறுக்குத் தக்கபடி புள்ளி போட்டு, மொத்தம் 4 அல்லது அதற்கு மேல் வந்தால் டெலிரியம் என்று சந்தேகிக்க வேண்டும். விழிப்பு தெளிவாகக் கெட்டிருந்தால் அதற்கு மட்டுமே 4, திடீர் மாற்றத்துக்கு மட்டுமே 4 என்பதைக் கவனியுங்கள். கடைசிக் கேள்விக்குப் பதில் வீட்டாரிடம்தான் இருக்கிறது. “எப்பவும் இப்படித்தான்” என்று வாய்தவறிச் சொன்னால் அந்த 4 போய்விடும்.

நம் ஊரில் சோதனை கெடுவது மொழியில். இங்கிலீஷும் ஸூலுவும் பேசும் நர்ஸ் கேட்க, ஆயா தமிழில் சரியான பதிலே சொல்கிறார். ‘உளறுகிறார்’ என்று பதிவாகிறது. “மாசத்தைப் பின்னாலிருந்து சொல்லு” என்றால், ஸ்கூல் போகாதவர் சித்திரை, வைகாசி என்று தொடங்கலாம். தமிழ் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருந்து, கேள்வியை அப்படியே தமிழில் கேட்டு, பதிலை அப்படியே திருப்பிச் சொன்னால் போதும். பதிலை எடுத்துக்கொடுக்கக் கூடாது. சனி, வெள்ளி, வியாழன் என்று கிழமைகளைப் பின்னோக்கிச் சொல்ல வைப்பது 4ஏடி தாளில் இல்லை. ஆனாலும் கவனம் நிற்கிறதா என்பதை அதுவும் காட்டிக்கொடுக்கும்.

சரி, தமிழில் இதற்கு என்ன சொல்? பழைய வைத்தியத்தில் சன்னி உண்டு, பேச்சில் ஜன்னி. வடமொழி சன்னிபாதத்தின் குறுக்கம் அது. சன்னிபாதம் என்றால் ஒன்றாகக் கூடி விழுதல். வாதம், பித்தம், கபம் மூன்றும் சேர்ந்து கெட்ட நிலை. உடம்பு கெட்டதால் புத்தி கெட்டது என்ற கருத்து அதில் இருக்கிறது; டெலிரியத்துக்கு இதைவிட நெருக்கமான பழஞ்சொல் இல்லை. ஆனால் பிற்பாடு வலிப்பையும், பிரசவ வலிப்பையும், குளிரில் விறைப்பதையும்கூட ஜன்னி என்றே சொல்லிப் பழகிவிட்டோம். இப்போது அதை எழுதினால் பாதிப் பேர் வலிப்பு என்று படிப்பார்கள். வருத்தம்தான்.

மருள் நல்ல தமிழ், தெருளுக்கு எதிர்ச்சொல். ஆனால் காவடியிலும் மாரியம்மன் கும்பிடிலும் அருள் வந்து ஆடுவதையும் மருள் என்றே சொல்கிறோம். டெலிரியம் வந்தவருக்கு அந்தப் பெயரை வைத்தால் எலுமிச்சம்பழமும் விபூதியும் முதலில் வரும், ஆம்புலன்ஸ் பிறகுதான் வரும். சித்தப்பிரமை பைத்தியம் என்ற நிழலோடு வருகிறது. மயக்கம் என்றால் ஆள் கீழே விழுந்தார் என்று நினைப்பார்கள். பிதற்றல் சத்தம் போடுபவரை மட்டும் பிடிக்கும், சாதுவாகக் கிடப்பவரை விட்டுவிடும்.

எங்கள் தேர்வு திடீர்ப் புத்தித் தடுமாற்றம். கொஞ்சம் நீளம், பேச்சில் ‘திடீர்த் தடுமாற்றம்’ என்று சுருக்கிக்கொள்ளலாம். ‘திடீர்’ என்ற ஒட்டை மட்டும் விடவே கூடாது. முதுமை மறதி மாதக்கணக்கில், வருடக்கணக்கில் வரும். இது நேற்று இன்றில் வரும். முதுமை மறதி உள்ளவருக்கே இதுவும் சேர்ந்து வருவது மிக சாதாரணம் என்பதால், “ஏற்கெனவே மறதி ஆளுதானே” என்று விட்டுவிடுவது பெரிய தவறு. ஆங்கிலத்திலும் பெயர்ச் சிக்கல் இருந்தது: அதே ஆளை ஒரு டாக்டர் டெலிரியம் என்பார், இன்னொருவர் என்செஃபலோபதி என்பார். மூளைக்குள் நடக்கும் கோளாறுக்கு என்செஃபலோபதி, நம் கண்ணுக்குத் தெரியும் நிலைக்கு டெலிரியம் என்று 2020-இல் பல துறை நிபுணர்கள் கூடிப் பிரித்துக் கொடுத்தார்கள்.

வீட்டில் என்ன செய்வது? முதலில் விரலில் குத்திச் சர்க்கரை பாருங்கள். இங்கே சர்க்கரை வியாதி இல்லாத வீடு குறைவு. 4 மில்லிமோலுக்குக் கீழே இருந்து, விழுங்கவும் முடிந்தால் இனிப்புத் தண்ணீர் கொடுக்கலாம். அரைத் தூக்கத்தில் கிடப்பவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாயில் போகும். பிறகு ஆம்புலன்ஸ் எண் 10177-ஐக் கூப்பிட்டுவிட்டு, எல்லா மாத்திரையையும் ஒரு பையில் போடுங்கள். சளி மருந்து, தூக்க மாத்திரை, நரம்பு வலிக்கு இரவில் போடும் அமிட்ரிப்டிலின் எல்லாம் அதில் இருக்க வேண்டும். மூளையில் நரம்புகளுக்கு இடையே சேதி கடத்தும் அசிடைல்கோலின் வேலையைத் தடுக்கும் மருந்துகள் வயதானவரைச் சுலபமாகத் தடம் மாற்றும். பிரஷருக்குக் கொடுக்கும் ஹைட்ரோகுளோரோதயசைடு சோடியத்தைக் குறைக்கும். மலம் எத்தனை நாளாக இல்லை, சிறுநீர் போகிறதா என்றும் சொல்லுங்கள்; அடைத்த மூத்திரப்பை ஒன்றே போதும். காய்ச்சல் இல்லை என்பதால் தொற்று இல்லை என்று ஆகாது. சிறுநீரில் கிருமி தெரிந்ததால் மட்டும் காரணம் கிடைத்துவிட்டது என்றும் ஆகாது. பல முதியவர்களுக்கு அது நோயில்லாமலே இருக்கும்.

ஊசி போட்டு அடக்கினால் சரியாகும் என்ற எண்ணத்தை ஆய்வுகள் தாங்கவில்லை. தீவிர சிகிச்சைப் பிரிவில் நடந்து 2018-இல் வெளியான பெரிய சோதனையில், ஹாலோபெரிடால் என்ற அடக்கும் மருந்து டெலிரியம் இருக்கும் நாட்களை வெற்று மருந்தைவிடக் குறைக்கவில்லை. தனக்கோ பிறர்க்கோ ஆபத்து என்றால் மட்டும் கொஞ்சமாகக் கொடுப்பார்கள். குடியை நிறுத்தியதால் வரும் வகை வேறு கதை. கடைசிக் குடிக்குப் பின் 2 முதல் 4 நாளில் அது வரும். மற்ற இடத்தில் கெடுதல் செய்யும் பென்சோடயசெபின் வகைத் தூக்க மருந்துதான் அங்கே உயிர் காக்கும். கூடவே தயமினும் (வைட்டமின் பி1) வேண்டும்.

தடுப்பு இதைவிட நன்றாக வேலை செய்கிறது. 30 முதல் 40 சதவீதம் டெலிரியத்தைத் தடுக்கலாம் என்பது மதிப்பீடு. ஆஸ்பத்திரிக்குப் பூவும் பழமும் கொண்டு போவதற்கு முன் தாத்தாவின் கண்ணாடி, காது மெஷின், அதற்கு மாற்று பேட்டரி, பல் செட் நான்கையும் எடுங்கள். கண்ணில் படும்படி கடிகாரம் வையுங்கள். பகலில் உட்கார வைத்து, மிடறு மிடறாகத் தண்ணீர் கொடுங்கள். இரவில் விளக்கைக் குறைத்துத் தூங்க விடுங்கள். “சுவத்துல பாம்பு” என்றால் வாதாட வேண்டாம். “நான் இருக்கேன் தாத்தா, இது ஆஸ்பத்திரி, நான் உங்க பேத்தி” என்று தமிழிலேயே சொல்லுங்கள். காரணம் சரியான பிறகும் புத்தி தடத்துக்குத் திரும்பச் சிலருக்கு வாரங்கள், சிலருக்கு மாதங்கள் ஆகும். அதுவரை பேங்க் பேப்பர், வீட்டுப் பத்திரம் எதிலும் அவர் கையெழுத்தை வாங்காதீர்கள்.