முண்டக்கண்ணியிலிருந்து தொடங்குங்கள்

போன மே மாதம் கீழக்கரையிலிருந்து ஒரு தம்பி இரண்டு தண்ணீர் பாட்டிலோடு என் லேபுக்கு வந்தார். இறால் குளத்துத் தண்ணீரைப் பரிசோதித்துச் சொல்வது என் தொழில். தொண்டி, தேவிபட்டினம் பக்கத்துப் பண்ணைக்காரர்கள்தான் வழக்கமாக வருவார்கள். வீட்டு மீன்தொட்டித் தண்ணீரோடு வருபவர்கள் அபூர்வம்.

"அண்ணே, இதுல என்ன கோளாறுன்னு பாருங்க. ஆயிரத்தைந்நூறு ரூபா ஜோடி, மூணே நாள்ல செத்துப்போச்சு" என்றார்.

போனில் படத்தைக் காட்டினார். உடம்பெல்லாம் சிவப்புப் புள்ளி, வாலின் இரண்டு முனையும் நீண்டு வளைந்த அழகான மீன். ஆப்பியோசெமியான் ஆஸ்ட்ராலே என்ற கில்லி மீன். ஆப்பிரிக்காவில் காபோன் கரையோரக் காடுகளில், மர நிழலில், இலை ஊறிய மென்மையான தண்ணீரில் வாழ்வது. 22 முதல் 24 டிகிரி இருந்தால் அதற்குச் சுகம். தம்பியின் பாட்டிலில் டிடிஎஸ், அதாவது கரைந்திருக்கிற உப்பு, தாதுக்களின் அளவு, 2,800. தொட்டி இருந்தது மொட்டை மாடி அறையில், ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே. மதியத்தில் தண்ணீர் 34 டிகிரியைத் தொட்டிருக்கும்.

"மீன்லயும் கோளாறு இல்ல தம்பி, தண்ணியிலயும் கோளாறு இல்ல. ரெண்டுக்கும் பொருத்தம் பாக்கல, அவ்வளவுதான்" என்றேன்.

அவர் ஒருவர் மட்டுமில்லை. இந்தப் பக்கம் கில்லி வளர்க்க ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் படத்தைப் பார்த்து மீனைத் தேர்ந்தெடுக்கிறார்கள். நான் முதலில் கேட்பது, உங்கள் வீட்டில் என்ன தண்ணீர் வருகிறது என்பதைத்தான்.

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. கில்லி என்றதும் நமக்குக் கிட்டிப்புள் ஞாபகம் வரும். ஆங்கிலம் படித்தவர்கள் கொலைகார மீனோ என்று பயப்படுவார்கள். இரண்டும் இல்லை. டச்சு மொழியில் 'கில்' என்றால் சிற்றோடை. ஓடையில் கிடக்கிற குட்டி மீன், அவ்வளவுதான். உலகம் முழுக்க ஆயிரத்துக்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. கப்பி மாதிரி குட்டி போடாது, முட்டைதான் இடும்.

நம் நாட்டிலும் சில கில்லிகள் இருக்கின்றன. அவற்றைப் பான்சாக்ஸ் என்பார்கள். மேற்பரப்பிலேயே மிதந்து திரியும், வாய் மேல்நோக்கி இருக்கும், தலை உச்சியில் வெள்ளியாக ஒரு புள்ளி மின்னும். எங்கள் பக்கம் பையன்கள் இதை முண்டக்கண்ணி என்பார்கள். மலையாளத்தில் மானத்துக்கண்ணி, அதாவது வானத்தைப் பார்க்கிற கண்ணுக்காரி. வங்காளத்தில் மூன்று கண்ணன் என்று பொருள்படும் பெயரே உண்டு. வாய்க்கால் ஓரம் நின்று குனிந்து பார்த்தால் மீனின் உடம்பு தெரியாது. அந்தப் புள்ளிகள் மட்டும் நட்சத்திரம் மாதிரி நகரும்.

இவற்றில் நம் கடலோரத்துக்கு ஏற்றது சிறு பான்சாக்ஸ், அப்லோகைலஸ் பார்வஸ். சென்னையின் நன்னீர் மீன்களை ஆராய்ந்த சுந்தரராஜ் 1916-ல் இதற்குப் பெயர் வைத்தார். பிறகு வெகுகாலம் பிளாக்கி என்ற இன்னொரு பான்சாக்ஸோடு இதைப் போட்டுக் குழப்பினார்கள். வளர்ந்தாலும் சுண்டுவிரல் நீளம் தாண்டாது. தென்னிந்தியா, இலங்கைக் கரையோரங்களில் நன்னீரிலும் உவர்நீரிலும் வாழ்கிறது. நம் போர் தண்ணீரையும் கத்திரி வெயிலையும் பார்த்துப் பழகிய மீனுக்கு உங்கள் தொட்டி ஒன்றும் புதிதில்லை.

பிடிக்கப் போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். கண்மாய் என்றால் மீன்பாசி ஏலம் எடுத்தவர் இருப்பார். அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு இறங்குங்கள். சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் போன்ற பறவைகள் சரணாலயக் கண்மாய்கள் பக்கமே போக வேண்டாம், அங்கே கைவைப்பது குற்றம். ரோட்டோரப் பள்ளமும் வாய்க்காலும் போதும். ஆறு அல்லது எட்டு மீன், அதற்கு மேல் தேவையில்லை.

பிடித்ததெல்லாம் கில்லியாக இருக்காது. அரசாங்கமே கொசுவுக்காக விட்ட கம்பூசியா வலையில் ஏராளமாக வரும். சாம்பல் நிறம், தலையில் புள்ளி கிடையாது, குட்டி போடும், பக்கத்து மீனின் துடுப்பைக் கடித்துக் கிழிக்கும். அமெரிக்காவிலிருந்து வந்து உலகம் முழுக்கத் தொல்லையாகிப்போன மீன் அது. அப்புறம் கண்ணாடி மாதிரி உடம்போடு ஒரைசியாஸ் என்ற நெல்வயல் மீனும் வரும். பெண் மீன் முட்டையைக் கொத்தாக வயிற்றடியில் தொங்கவிட்டுக்கொண்டு திரியும். முன்பெல்லாம் அதையும் கில்லிக் கணக்கில் சேர்த்திருந்தார்கள். 1981-ல் அந்தக் குடும்பத்தைப் பிரித்து முரல், பறவைக்கோலா இவற்றின் சொந்தக்காரன் என்று மாற்றினார்கள். 

பிடிக்க வசதி இல்லாதவர்கள் கடையில் கோல்டன் வொண்டர் என்று கேட்டு வாங்கலாம். நம் மேற்குத் தொடர்ச்சி மலை ஓடைகளில் வாழும் அப்லோகைலஸ் லீனியேட்டஸ் மீனைத் தங்க நிறத்துக்காகப் பொறுக்கி வளர்த்த வகைதான் அது. சூட்டையும் கடினத் தண்ணீரையும் தாங்கும். ஆனால் 10 சென்டிமீட்டர் வரை வளரும். வாயில் அடங்குகிற எதையும் விழுங்கிவிடும். கப்பியோடு சேர்த்துப் போட்டுவிட்டு, கப்பியைக் காணோம் என்று என்னிடம் கேட்காதீர்கள்.

சரி, தண்ணீருக்கு வருவோம். ராமநாதபுரம் கரையில் ஒரு வீட்டுக்கு மூன்று தண்ணீர் வரும்: காவிரிக் கூட்டுக் குடிநீர், போர் தண்ணீர், குடம் கணக்கில் வாங்குகிற ஆர்.ஓ. தண்ணீர். காவிரித் தண்ணீர் நல்லது, ஆனால் குளோரின் இருக்கும். அகலமான வாளியில் திறந்து வைத்து ஏர் பம்பு போட்டு ஒரு நாள் விட்டால் போய்விடும். ஆர்.ஓ. தண்ணீரை மட்டும் ஊற்றினால் மீனுக்கு வேண்டிய தாதுவே இருக்காது. நான் சொல்வது காவிரித் தண்ணீர், இல்லாவிட்டால் போரும் ஆர்.ஓ.வும் பாதிப்பாதி. ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிற டிடிஎஸ் மீட்டர் ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பிடித்த இடத்துத் தண்ணீரையும் வீட்டுத் தண்ணீரையும் அளந்து, வித்தியாசம் அதிகம் இருந்தால் ஒரே அடியாக மாற்றாமல், ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றுகிற டியூப் வழியாகச் சொட்டுச் சொட்டாக இரண்டு மணி நேரம் கலந்து விடுங்கள். இறால் குஞ்சைக் குளத்தில் விடும்போதும் இப்படித்தான், அவசரம் கூடாது.

பலரும் கவனிக்காத ஒன்று, தண்ணீர் வற்றுவது. ஆடிக் காற்றில் என் வெளித்தொட்டி ஒரே வாரத்தில் நான்கு விரல் இறங்கிவிடும். ஆவியாவது தண்ணீர்தான், உப்பு அங்கேயே நிற்கும். வற்றினதற்குப் பதில் போர் தண்ணீரையே ஊற்றிக்கொண்டிருந்தால், வலிநோக்கம் உப்பளத்துப் பாத்தியில் நடப்பதுதான் உங்கள் தொட்டியிலும் மெதுவாக நடக்கும். வற்றின அளவுக்கு ஆர்.ஓ. அல்லது மழைத்தண்ணீர் ஊற்றுங்கள். அழுக்குக்காக மாற்றும்போது மட்டும் முன்பு சொன்ன கலவை.

2 அடித் தொட்டியில் இரண்டு ஆண், நான்கு பெண் தாராளமாக இருக்கும். ஆணுக்கு நிறம் அதிகம், துடுப்பு நீண்டு கூராக இருக்கும். ஓட்டம் வேகமாக இருந்தால் இவற்றுக்குப் பிடிக்காது. ஏர் பம்பில் ஓடுகிற ஸ்பாஞ்ச் ஃபில்டர் ஒன்று போதும். புதுத் தொட்டியில் உடனே மீனை விடாதீர்கள். கழிவிலிருந்து வரும் அம்மோனியாவைச் சாப்பிடுகிற பாக்டீரியா ஸ்பாஞ்சில் குடியேற மூன்று நான்கு வாரம் ஆகும். நம் தண்ணீரில் பிஎச், அதாவது புளிப்பா காரமா என்று காட்டும் எண், பெரும்பாலும் 8-க்கு மேல். பிஎச்சும் சூடும் ஏற ஏற அதே அம்மோனியா இன்னும் விஷமாகும். நண்பர் தொட்டியில் ஓடின பழைய ஸ்பாஞ்ச் கிடைத்தால் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். புது ஃபில்டரை விட அதற்குத்தான் மதிப்பு.

மூடி இல்லாமல் கில்லி வளர்க்கவே கூடாது. என் முதல் ஆறு மீனில் இரண்டை ஸ்டாண்டுக்குப் பின்னால் நெத்திலிக் கருவாடாகத்தான் கண்டுபிடித்தேன், எறும்பு மொய்த்து. டியூப் நுழைய விட்ட விரலகல ஓட்டை வழியாகக் குதித்திருந்தன. கொசுவலைத் துணியை இழுத்துக் கட்டினால் இரண்டு வேலை ஆகும், மீனும் வெளியே வராது, கொசுவும் உள்ளே முட்டையிடாது.

கொசு என்றதும் தீனி. முண்டக்கண்ணிக்குக் கொசுப்புழு அல்வா மாதிரி. அதற்காக வாளியில் தண்ணீர் தேக்கிப் புழு வளர்க்காதீர்கள். ஒரு நாள் மறந்தால் தெருவுக்கே டெங்கு, டெங்கு தடுப்புப் பணியாளர்களும் வாசலில் நிற்பார்கள். ஆர்ட்டீமியா என்ற உப்புத்தண்ணீர்க் குட்டி உயிரியின் முட்டையை வாங்கிப் பொரிக்க வைப்பது நல்லது. கடல் தண்ணீர் ஒரு லிட்டர், அரைத் தேக்கரண்டி முட்டை, அடியிலிருந்து பலமாகக் காற்று, பக்கத்தில் ஒரு விளக்கு. நம் சூட்டில் ஒரு நாளில் செம்மஞ்சள் தூசி மாதிரி பொரிந்து நீந்தும். காற்றை நிறுத்தினால் ஓடு மேலே மிதக்கும், குஞ்சு கீழே வெளிச்சத்தைத் தேடிக் குவியும்; உறிஞ்சி எடுத்து நல்ல தண்ணீரில் அலசிக் கொடுக்கலாம். சாக்கடை ட்யூபிஃபெக்ஸ் புழு வேண்டாம், நோயைக் கையோடு கூட்டிவரும்.

கில்லிக்கு வழக்கமாக வரும் நோய் வெல்வெட். டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்தால் உடம்பில் தங்கப்பொடி தூவினது மாதிரி தெரியும், மீன் செடியில் உரசிக்கொண்டே இருக்கும். லிட்டருக்கு 1 முதல் 2 கிராம் கல்லுப்பைக் கரைத்து, தொட்டியைத் துணி போட்டு இருட்டாக்கி வையுங்கள். அந்தக் கிருமிக்கு வெளிச்சம் வேண்டும். உப்பை நம் மீன் தாங்கும்.

இனப்பெருக்கத்தில்தான் இந்தப் பொழுதுபோக்கின் ருசி. அக்ரிலிக் கம்பளி நூலை ஒரு சாண் நீளத்துக்கு முப்பது நாற்பது இழை வெட்டி, தெர்மாகோல் துண்டில் கட்டி மிதக்கவிடுங்கள். சாயம் போகும் வரை முதலில் கொதிக்க வைக்க வேண்டும். வெங்காயத்தாமரை வேரையும் மீன் விரும்பும், ஆனால் நான் ஒருமுறை கண்மாயிலிருந்து அப்படியே கொண்டுவந்து போட்டேன். வேருக்குள் ஒளிந்திருந்த தட்டான்பூச்சிப் புழு ஒரு வாரத்தில் குஞ்சுகளை முடித்துவிட்டது. நூலே உத்தமம். நாலைந்து நாள் கழித்து நூலைத் தூக்கி லேசாகப் பிழிந்து, இழையை விரலால் உருவிப் பார்த்தால் கேழ்வரகு மணி மாதிரி ஒன்று தட்டுப்படும். நசுங்கிவிடுமோ என்று பயம் வரும், நசுங்காது. கில்லி முட்டை விரலால் எடுக்கிற அளவுக்குக் கெட்டி. டப்பாவில் அதே தொட்டித் தண்ணீர், பூஞ்சை பிடிக்காமலிருக்க ஒரு சொட்டு மெத்திலீன் நீலம், வெள்ளையாகிப்போன முட்டைகளைத் தினமும் பொறுக்கி எறிய வேண்டும். ஏறக்குறைய இரண்டு வாரத்தில் பொரியும். அதற்குச் சில நாள் முன்பே முட்டைக்குள் இரண்டு கறுப்புக் கண் உங்களைப் பார்க்கும்.

பையில் காய்ந்த மண்ணோடு வரும் முட்டை பற்றியும் கேட்கிறார்கள். அது நோத்தோபிராங்கியஸ். கிழக்கு ஆப்பிரிக்காவில் மழைக்குட்டைகளில் வாழ்ந்து, குட்டை வற்றினால் செத்துப்போய், முட்டை மட்டும் மண்ணுக்குள் மாதக்கணக்கில் காத்திருக்கும் மீன். ஆர்ட்டீமியா முட்டை டப்பாவில் காய்ந்து கிடக்கிறதே, கிட்டத்தட்ட அதே சாமர்த்தியம். மழை வந்ததும் பொரிந்து, ஃபர்சரை என்ற வகை காட்டில் 14 நாளிலேயே பருவத்துக்கு வந்துவிடும். கொஞ்சம் உப்பான கடினத் தண்ணீர் இவற்றுக்கு ஒத்துக்கொள்ளும் என்பதால் நமக்குத் தோதுதான். ஆனாலும் இரண்டாம் வருஷத்து வேலை. முன்கூட்டியே நனைத்தால் குஞ்சு காற்றுப்பை நிரம்பாமல் தரையிலேயே தவழ்ந்து சாகும். முட்டை வைக்க நம் உச்சிப்புளித் தென்னந்தோப்புப் பக்கம் கிடைக்கிற நார்க்கழிவைப் பயன்படுத்தலாம், உப்பும் சாயமும் போகும் வரை நாலைந்து தடவை கொதிக்க வைத்து அலசினால். வெளிநாட்டிலிருந்து தபாலில் முட்டை வரவழைக்க முறையான அனுமதி வேண்டும். "கவர்ல வெச்சு அனுப்பிடுவாங்க" என்று சொல்பவர்களை நம்பாதீர்கள்.

இன்னொன்று, அலுத்துப்போன வெளிநாட்டு மீனையோ அந்த முட்டை மண்ணையோ கண்மாயில் கொட்டவே கூடாது. கோடையில் வற்றி ஐப்பசியில் நிரம்புகிற நம் கண்மாய், அந்த மீனின் சொந்த ஊர்க் குட்டை மாதிரியேதான் இருக்கிறது. கம்பூசியாவைத் தண்ணீரில் விட்டதால் இன்று படுவது போதும்.

கீழக்கரைத் தம்பி இப்போது மாடியை விட்டு இறங்கி, கிணற்றடி வேப்பமர நிழலில் பெரிய சிமென்ட் தொட்டியில் எட்டு முண்டக்கண்ணி வைத்திருக்கிறார். போன வாரம் வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. பாட்டில் மூடியில் ஒரு முட்டை, உள்ளே இரண்டு கண். கீழே குரல் பதிவு: "அண்ணே, பொரிஞ்சா என்ன குடுக்கிறது?"

முதல் இரண்டு நாள் ஒன்றும் வேண்டாம், கருவோடு வந்த சத்து இருக்கும் என்றேன். பிறகு கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர் பெருகிய வைக்கோல் ஊறின தண்ணீர் காலையில் ஒரு மூடி, மாலையில் ஒரு மூடி. ஒரு வாரத்தில் வாய் அகலமானதும் ஆர்ட்டீமியா. முந்திப் பொரிந்ததையும் பிந்திப் பொரிந்ததையும் ஒரே டப்பாவில் விடாதீர்கள், அண்ணன் தம்பியை விழுங்கிவிடுவான்.