தண்ணீரில் மருந்து வாடை இல்லையா? அப்போதுதான் கவனிக்க வேண்டும்

தண்ணீர் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவர்களிடம் மக்கள் முதலில் கேட்பது, "டிடிஎஸ் எவ்வளவு சார்?" என்றுதான். குளிர்பான பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டு வருவார்கள். அந்த ஒரு எண்ணைக் கேட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். 300 என்றால் நிம்மதி. 700 என்றால் நேராக ஆர்ஓ மெஷின் கடை. கிருமியைக் கொல்லச் சேர்க்கும் மருந்தான குளோரின் எவ்வளவு இருக்கிறது என்று கேட்டவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆனால் ஆற்றுத் தண்ணீர் குழாயில் வரும் எங்கள் ஊரைப் போன்ற சின்ன நகரங்களில், ஒரு வீட்டில் வாந்தியும் பேதியும் வருமா வராதா என்பது பெரும்பாலும் அந்தக் குளோரின் கையில்தான் இருக்கிறது.

டிடிஎஸ் என்பது தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் மொத்தக் கணக்கு. பேனா மாதிரி இருக்கும் மீட்டர், தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு பாய்கிறது என்று பார்த்து, அதை வைத்து உப்பின் அளவைச் சொல்கிறது. அவ்வளவுதான் அதன் வேலை. இந்தியத் தர அளவான ஐஎஸ் 10500, லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கலாம் என்கிறது. வேறு தண்ணீருக்கு வழியில்லை என்றால் 2000 வரை அனுமதி. ஒரு லிட்டர் நல்ல தண்ணீரில் ஒரு ஸ்பூன் சாக்கடைத் தண்ணீரைக் கலந்து மீட்டரை வைத்துப் பாருங்கள், எண் நாலைந்து ஏறினாலே அதிகம். அதில் இருக்கும் கிருமிகளோ கோடிக்கணக்கில் இருக்கலாம். 100 மில்லி தண்ணீரில், மலத்திலிருந்து வரும் கிருமியான ஈ.கோலை ஒன்றுகூட இருக்கக் கூடாது என்பதும் அதே ஐஎஸ் 10500 சொல்வதுதான். இதில் 'வேறு வழியில்லை என்றால் கொஞ்சம் இருக்கலாம்' என்ற சலுகையெல்லாம் கிடையாது.

டிடிஎஸ் பயத்தை வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சேர்த்ததில் ஒரு வித்தைக்குப் பெரிய பங்கு உண்டு. மெஷின் விற்க வருபவர் இரண்டு டம்ளர் கேட்பார். ஒன்றில் உங்கள் குழாய்த் தண்ணீர், இன்னொன்றில் அவர் கொண்டுவந்த ஆர்ஓ தண்ணீர். கம்பிகள் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு கருவியை இரண்டிலும் இறக்கி பிளக்கை மாட்டுவார். ஒரு நிமிடத்தில் உங்கள் டம்ளர் பழுப்பும் பச்சையுமாகக் கலங்கி, மேலே நுரை கட்டி நிற்கும். அவர் டம்ளர் தெளிவாகவே இருக்கும். "இதைத்தான் குழந்தைகளுக்குக் கொடுக்கிறீங்களா மேடம்?" என்று ஒரு கேள்வி வேறு. நடந்தது இதுதான்: உங்கள் தண்ணீரில் உப்பு இருப்பதால் மின்சாரம் பாய்ந்தது, கம்பியில் இருந்த இரும்பு கரைந்து துருவாக வந்தது. நீங்கள் பார்த்த அழுக்கு அவருடைய கம்பி. அடுத்த முறை வந்தால் அவருடைய டம்ளரில் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டுவிட்டு மறுபடி பிளக்கை மாட்டச் சொல்லுங்கள்.

சரி, குழாய்த் தண்ணீர் எங்கேதான் கெடுகிறது? காவிரியையும் கொள்ளிடத்தையும் நம்பியிருக்கும் பல கூட்டுக் குடிநீர்த் திட்டங்களில் ஆற்றுப் படுகையில் கிணறு இறக்கித்தான் தண்ணீர் எடுக்கிறார்கள். ஆற்று மணலே பாதி வடிகட்டும் வேலையைச் செய்துவிடுகிறது. அதற்குமேல் குளோரின் சேர்த்து மேல்நிலைத் தொட்டிக்கு ஏற்றுகிறார்கள். நான் பார்த்தவரை தொட்டியடியில் எடுக்கும் மாதிரிகள் பெரும்பாலும் தேறிவிடுகின்றன. கெடுவது அங்கிருந்து உங்கள் வீடு வரைக்கும் உள்ள வழியில்.

நம் ஊர்களில் நாள் முழுக்கத் தண்ணீர் விடுவதில்லை. இரண்டு நாளுக்கு ஒருமுறை, சில இடங்களில் வாரத்துக்கு ஒருமுறை, ஒரு மணி நேரமோ இரண்டு மணி நேரமோ வரும். மற்ற நேரமெல்லாம் குழாய் காலி. தண்ணீர் அழுத்தத்தோடு ஓடும்போது ஓட்டை இருந்தால் தண்ணீர் வெளியே கசியும், உள்ளே எதுவும் வராது. வால்வை மூடியதும் நிலைமை தலைகீழாகிவிடும். குழாயில் மிச்சமிருக்கும் தண்ணீர் பள்ளத்துப் பக்கம் வடியும்போது மேட்டுப்பகுதிக் குழாய் காற்றை இழுக்கும். அந்த ஓட்டையைச் சுற்றிச் சாக்கடை தேங்கியிருந்தால் அதையும் இழுக்கும். நம் தெருக்களில் வீட்டு இணைப்புக் குழாய் எந்த வழியாகப் போகிறது என்று குனிந்து பார்த்திருக்கிறீர்களா? பாதி வீடுகளில் சாக்கடைக்குள் புகுந்துதான் வாசலுக்கு வருகிறது. பழைய ஜிஐ பைப் என்றால் சாக்கடையில் நனையும் அந்த நாலடிதான் முதலில் துருப்பிடித்து ஓட்டையாகும்.

இதில் மோட்டார் வேறு. தெருக்குழாய் இணைப்பிலேயே நேரடியாக மோட்டார் போட்டு இழுப்பது சட்டப்படி குற்றம் என்பது எல்லோருக்கும் தெரியும், எல்லோரும் போடுகிறார்கள். பக்கத்து வீட்டுக்குத் தண்ணீர் வராது என்பது மட்டும் அல்ல பிரச்சினை. தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும் நேரத்திலேயே குழாயின் அழுத்தத்தை அது உறிஞ்சிவிடுகிறது. எங்கோ இருக்கும் ஓட்டை வழியாகச் சாக்கடையை உங்கள் சம்புக்கு நீங்களே காசு கொடுத்து இழுத்துக்கொள்கிறீர்கள்.

குளோரின் காவலுக்கு நிற்பது இந்த இடத்தில்தான். குழாயில் வந்து சேரும் தண்ணீரில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் மிச்சம் இருக்க வேண்டும். வழியில் கொஞ்சம் அழுக்கு நுழைந்தாலும் சமாளிக்கத்தான் இந்த மிச்சம். "தண்ணியில மருந்து வாடை அடிக்குது" என்று புகார் சொல்பவர்களிடம் நான் சொல்வது, அது அடிக்கிற வரைக்கும் கவலைப்படாதீர்கள் என்றுதான். வாடை பிடிக்கவில்லை என்றால் பானையில் பிடித்து ஒரு மணி நேரம் வையுங்கள், பெரும்பாலும் போய்விடும். திடீரென்று ஒருநாள் வாடையே இல்லை, தண்ணீர் லேசாகக் கலங்கலாக வருகிறது என்றால் அப்போது பயப்படுங்கள்.

அளப்பதும் கஷ்டமில்லை. ஆர்த்தோடொலிடின் கிட் விலை அதிகமில்லை. சின்னக் குழாயில் கோடு வரை தண்ணீர், அதில் சில சொட்டு மருந்து. குளோரின் இருந்தால் மஞ்சள் நிறம் வரும். எவ்வளவு அடர்த்தி என்பதை அட்டையோடு ஒப்பிட வேண்டியதுதான். நிறமே வரவில்லை என்றால் குளோரின் இல்லை. அந்த மருந்து விஷம், அதனால் சோதித்த தண்ணீரைக் கொட்டிவிட்டுக் கையைக் கழுவுங்கள், பாட்டிலைக் குழந்தைகளுக்கு எட்டாமல் வையுங்கள். சம்பில் இருந்து எடுத்துச் சோதிப்பதில் பயனில்லை. தண்ணீர் விடும் நேரத்தில், தெருவிலிருந்து வரும் குழாயிலேயே, இரண்டு மூன்று நிமிடம் ஓடவிட்டுப் பிடிக்க வேண்டும்.

ஒரு தெருவில் அடுத்தடுத்து மஞ்சள் காமாலை வந்தபோது நாங்கள் கையில் எடுத்துக்கொண்டு போனது இந்தக் கிட்டைத்தான். தொட்டிப் பக்கம் நல்ல மஞ்சள். தெருமுனை வீட்டில் கொஞ்சம் வெளிறியது. சிறுபாலத்தைத் தாண்டிய முதல் வீட்டில் தண்ணீர் வெறும் தண்ணீராகவே நின்றது. அதற்கப்புறம் கடைசி வீடு வரை அப்படித்தான். குளோரின் அப்படித் திடீரென்று காணாமல் போகிறது என்றால், அந்த இடத்தில் ஏதோ அதைத் தின்கிறது என்று அர்த்தம். பாலத்தடியில் தோண்டியபோது குழாய் இணைப்பு விட்டுப்போய், கறுப்புச் சேற்றுக்குள் கிடந்தது. கிருமிச் சோதனை முடிவு மறுநாள்தான் வந்தது.

வெளிநாட்டில் இதெல்லாம் நடக்காது என்று நினைக்க வேண்டாம். கனடாவில் ஒன்டாரியோ மாகாணத்து வாக்கர்டன், சுமார் 5000 பேர் வாழும் ஊர். 2000ஆம் ஆண்டு மே மாதம் கனமழையில் மாட்டுச் சாணத்தின் கிருமி ஓர் ஆழமில்லாத கிணற்றில் இறங்கியது. ஏறக்குறைய 2300 பேர் நோயில் விழுந்தார்கள், 7 பேர் இறந்தார்கள். விசாரணையில் வெளிவந்தது: குளோரினைப் போதுமான அளவு சேர்க்கவில்லை. தினமும் அளக்கவும் இல்லை. ஆனால் பதிவேட்டில் மட்டும் 0.5, 0.75 என்று ஒழுங்காக எழுதி வைத்திருந்தார்கள்.

குளோரினுக்கும் எல்லை உண்டு. 1955 கடைசியில் யமுனை ஒதுங்கி ஓடியதில் நஜப்கர் வடிகாலின் சாக்கடை தில்லியின் குடிநீர் எடுக்கும் இடத்துக்கே வந்துவிட்டது. குளோரினைக் கூட்டிப் போட்டார்கள். டைபாய்டு, பேதி பெரிதாகப் பரவவில்லை. ஆனால் சுமார் 29,000 பேருக்கு மஞ்சள் காமாலை வந்தது. அது ஹெப்படைட்டிஸ் ஈ வைரஸ் என்று பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது. கர்ப்பிணிகளுக்கு, அதுவும் கடைசி மூன்று மாதங்களில், இது உயிருக்கே ஆபத்து. வைரஸ் பயம் இருக்கும் காலத்தில் குளோரின் 0.5 இருக்க வேண்டும் என்று ஐஎஸ் 10500 தனியாகச் சொல்வது இதற்காகத்தான். கலங்கல் தண்ணீரில் எவ்வளவு போட்டாலும் பாதி அழுக்கோடு போய்விடும்.

வீட்டில் செய்ய வேண்டியவை அதிகம் இல்லை. முதலில் வரும் இரண்டு குடம் தண்ணீர் செடிக்கோ வாசலுக்கோ போகட்டும். சம்பு மூடி தரைமட்டத்துக்கு மேலே எழும்பி இருக்கட்டும். மழைத் தண்ணீரும் வாசல் கழுவிய தண்ணீரும் உள்ளே போகக் கூடாது. செப்டிக் டேங்கை ஒட்டியே சம்பு கட்டியிருக்கும் வீடுகளைப் பார்க்கும்போதெல்லாம் அந்த மேஸ்திரியைக் கூப்பிட்டுக் கேட்கத் தோன்றும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை சம்பைக் கழுவுங்கள். சந்தேகம் என்றால் ஆயிரம் லிட்டருக்கு 4 கிராம் நல்ல பிளீச்சிங் பவுடர் போதும். வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியபின் மேலே உள்ள தெளிவை மட்டும் ஊற்றி, ஒரு மணி நேரம் விடுங்கள். திறந்து கிடந்த பழைய மூட்டைப் பவுடர் வேண்டாம், அதில் குளோரின் போய்ச் சுண்ணாம்புதான் மிச்சம் இருக்கும்.

குடிப்பதற்குக் கொதிக்கவைப்பதை மிஞ்சிய வழி இல்லை. தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்தால் போதும். சீரகம் போடுவது உங்கள் விருப்பம். ஆனால் சூடு ஆற வேண்டும் என்று கொதித்த தண்ணீரில் பச்சைத் தண்ணீரைக் கலப்பதும், குடத்துக்குள் கையோடு சொம்பை விட்டு மொள்ளுவதும் செய்த வேலையைக் கெடுத்துவிடும். ஆர்ஓ, தண்ணீர் நிஜமாகவே உப்பாக இருந்தால் சரி. 500க்குக் கீழே டிடிஎஸ் உள்ள இடங்களில் அதைத் தடை செய்ய வேண்டும் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயமே 2019இல் சொன்னது. ஆர்ஓ தண்ணீரில் குளோரின் துளியும் இருக்காது என்பதால், மெஷினின் தொட்டியிலோ கேனிலோ கிருமி ஏறினால் தடுக்க ஆள் இல்லை.

ஆழ்துளைக் கிணற்று நீர் வேறு கதை. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் ஃபுளோரைடு பற்களைப் பழுப்பாக்கி எலும்பு வரை போனதால்தான் ஒகேனக்கல் திட்டமே வந்தது. ஃபுளோரைடும் நைட்ரேட்டும் கொதிக்கவைத்தால் போகாது, தண்ணீர் வற்ற வற்ற அடர்த்திதான் கூடும். அதற்கு ஆய்வகச் சோதனைதான் வழி. குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகங்களில் பொதுமக்களும் கட்டணம் கட்டிச் சோதிக்கலாம். கிருமிச் சோதனை என்றால் மட்டும் ஆய்வகத்திலேயே பாட்டில் வாங்கிக்கொள்ளுங்கள். உள்ளே குளோரினை முறிக்கும் மருந்து கொஞ்சம் இருக்கும், அழுக்கு என்று கழுவிவிட வேண்டாம். பிடித்த மாதிரியை ஐஸ் வைத்து அன்றைக்கே கொண்டுவந்து சேர்த்துவிடுங்கள்.

ஒரே வாரத்தில் தெருவில் மூன்று வீட்டில் வயிற்றுப்போக்கு என்றால் ஆய்வக முடிவுக்குக் காத்திருக்காமல் சுகாதார ஆய்வாளரைக் கூப்பிடுங்கள். "தண்ணி சரியில்லை" என்று மட்டும் சொன்னால் புகார்ப் புத்தகத்தில் ஒரு வரியாகப் போய்விடும். எந்தெந்தக் கதவு எண்ணில், என்றைக்கு ஆரம்பித்தது, கடைசியாக எப்போது தண்ணீர் விட்டார்கள், தெருவின் முதல் வீட்டிலும் கடைசி வீட்டிலும் கிட் என்ன நிறம் காட்டியது என்று சொல்லுங்கள். எங்கே தோண்ட வேண்டும் என்பது அவர்களுக்கு அதிலேயே தெரிந்துவிடும்.