கிளீனர் போடுவதற்கு முன் விண்டோஸைக் கொஞ்சம் துழாவிப் பாருங்கள்

திருப்பூர், பல்லடம் பக்கம் பனியன் கம்பெனிகளுக்கும் தறிக்குடோன்களுக்கும் கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்கிறேன். "சிஸ்டம் நகரவே மாட்டேங்குதுங்க" என்று கூப்பிடுவார்கள். போய்த் திறந்தால் அநேகமாக ஒரே கதைதான். பிடிஎஃப் ஆக்க ஓர் இலவச மென்பொருள், ஸ்கிரீன்ஷாட்டுக்கு ஒன்று, ரேமைச் சுத்தம் செய்ய ஒன்று, போதாததற்குக் கிராக் செய்த ஆன்டிவைரஸ். இதில் முக்கால்வாசி வேலையை விண்டோஸே செய்யும். அது தெரியாமல் வெளியே தேடிப்போய் வம்பையும் சேர்த்து இறக்கிக்கொள்கிறார்கள்.

பிடிஎஃப்தானே? பில்லைத் திறந்து கண்ட்ரோல், பி அழுத்துங்கள். பிரிண்டர் பட்டியலில் 'மைக்ரோசாஃப்ட் பிரிண்ட் டு பிடிஎஃப்' இருக்கும். விண்டோஸ் 10 வந்ததிலிருந்தே இருக்கிறது. திரையில் வேண்டிய பகுதியை மட்டும் வெட்டி எடுக்க விண்டோஸ், ஷிஃப்ட், எஸ் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் போதும்.

அக்கவுண்ட்ஸ் பிள்ளைகளுக்கு நான் முதலில் காட்டுவது விண்டோஸ், வி. சரக்கு அனுப்புவதற்கான இ-வே பில் போடும்போது 15 எழுத்து ஜிஎஸ்டி எண், வண்டி நம்பர், இன்வாய்ஸ் நம்பர் என்று மாற்றி மாற்றிக் காப்பி செய்ய வேண்டியிருக்கும். இதை ஒருமுறை ஆன் செய்துவிட்டால் கடைசியாகக் காப்பி செய்த 25 வரை பட்டியலாக நிற்கும். அடிக்கடி வருவதைப் பின் செய்து வைத்தால் ரீஸ்டார்ட் செய்தாலும் போகாது. ஒன்று மட்டும் கவனம்: பேங்க் பாஸ்வேர்டைக் காப்பி செய்தால் அதுவும் அங்கே வந்து உட்கார்ந்துகொள்ளும்.

ஸ்லோவாக இருப்பதற்குக் கிளீனர் வேண்டாம். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் அழுத்தி டாஸ்க் மேனேஜரில் ஸ்டார்ட்அப் பகுதியைப் பாருங்கள். சிஸ்டம் ஆன் ஆகும்போதே கூட ஓடிவரும் மென்பொருள்கள் அங்கே தெரியும். தேவையில்லாததை டிசேபிள் செய்தாலே பாதி வேகம் திரும்பிவிடும்.

இப்போது சொல்லப்போவதை மட்டுமாவது இன்றைக்கே செய்துவிடுங்கள். ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர் வந்து எல்லாம் பூட்டிக்கொண்ட பிறகு கூப்பிட்டால், பெரும்பாலும் எங்களால் செய்வதற்கு ஒன்றும் இருக்காது. விண்டோஸ் செக்யூரிட்டிக்குள் ரான்சம்வேர் புரொடக்‌ஷன் என்று ஒரு பக்கம் உண்டு. அதில் 'கன்ட்ரோல்டு ஃபோல்டர் ஆக்சஸ்' ஆன் செய்தால், நம்பகமில்லாத மென்பொருள் உங்கள் டாக்குமெண்ட்ஸில் கை வைக்க முடியாது. சில சமயம் நல்ல மென்பொருளையும் தடுக்கும், அதை நாமே அனுமதிப் பட்டியலில் சேர்க்க வேண்டும். ஆனால் விண்டோஸோடே வரும் ஆன்டிவைரஸான விண்டோஸ் டிஃபெண்டர் வேலை செய்தால்தான் இது வேலை செய்யும். வேறு ஆன்டிவைரஸ் போட்டதும் டிஃபெண்டர் ஒதுங்கிக்கொள்ளும். கிராக் ஆன்டிவைரஸைக் கண்டால் நான் கோபப்படுவது இதனால்தான்: இருந்த காவலாளியை அனுப்பிவிட்டுத் திருடனையே வாசலில் நிறுத்திய மாதிரி.

அடுத்தது ஃபைல் ஹிஸ்டரி. கண்ட்ரோல் பேனலில் இருக்கிறது, தானாக ஆன் ஆகாது. வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றைச் சொருகி ஆன் செய்தால், டிஸ்க் இருக்கும்வரை மணிக்கு ஒருமுறை மாறிய ஃபைல்களின் நகலை எடுத்து வைக்கும். போன வாரத்துக் காஸ்டிங் ஷீட் வேண்டுமென்றாலும் தோண்டி எடுக்கலாம். நம் ஊரில் பலரும் சறுக்குவது கணக்கு மென்பொருளான டேலியின் டேட்டாவில். அது டி டிரைவில் கிடக்கும். ஃபைல் ஹிஸ்டரியோ டாக்குமெண்ட்ஸ், டெஸ்க்டாப் போன்றவற்றைத்தான் பார்க்கும். அதனால் சாயங்காலம் கணக்கை மூடும்போது டேலியிலேயே பேக்கப் எடுத்து டாக்குமெண்ட்ஸுக்குள் போட்டுவிடுங்கள். நகல் முடிந்ததும் ஹார்ட் டிஸ்கைக் கழற்றி பீரோவில் வையுங்கள். எந்நேரமும் சொருகியே வைத்தால், ரான்சம்வேர் வரும்போது அதுவும் சேர்ந்து பூட்டிக்கொள்ளும்.

பழைய லேப்டாப் வாங்குகிறவர்களுக்கு ஒரு சின்ன விஷயம். கட்டளை அடிக்கும் கமாண்ட் பிராம்ப்ட் திரையில் powercfg /batteryreport என்று அடியுங்கள். அது உருவாக்கும் அறிக்கை ஃபைலைத் திறந்தால், புதிதில் பேட்டரி எவ்வளவு தாங்கியது, இப்போது எவ்வளவு என்று வந்துவிடும். அதைப் பார்த்துவிட்டு விலை பேசுங்கள்.

தூரத்தில் இருந்தே பழுது பார்க்கவும் 'குவிக் அசிஸ்ட்' என்று ஒன்று உள்ளேயே இருக்கிறது. நாங்கள் சொல்லும் குறியீட்டை நீங்கள் அடித்து அனுமதித்தால் உங்கள் திரை எங்களுக்குத் தெரியும். மோசடிக்காரர்களும் இதையேதான் பயன்படுத்துகிறார்கள். "மைக்ரோசாஃப்ட்டிலிருந்து பேசுகிறோம், உங்கள் சிஸ்டத்தில் வைரஸ்" என்று யாராவது தானாகக் கூப்பிட்டால் பேச்சே வேண்டாம், போனை வையுங்கள். அதற்குள் பணம் போயிருந்தால் தாமதிக்காமல் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அடியுங்கள்.