சிற்றினம்: 'ஸ்பீசிஸ்' என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது?

மலேசியாவின் கோலசிலாங்கூர் வட்டாரத்திலுள்ள பெஸ்தாரி ஜெயாவில் ஒரு செம்பனைக் (எண்ணெய்ப் பனை) குலையைக் காட்டி, பக்கத்துக் குலை ஏன் வேறு மாதிரி இருக்கிறது என்று கேட்டால், "இது வேற ஜாதி" என்பார் ஒருவர். "வேற ரகம்" என்பார் இன்னொருவர். இடைநிலைப்பள்ளிக்குப் போகும் பிள்ளை, மலாய்ப் பாடநூலில் படித்தபடி 'ஸ்பெசியெஸ்' என்று சொல்லும். தமிழில் எழுதுகிறவர்கள் 'இனம்' என்று எழுதுவார்கள், சிலர் 'வகை' என்பார்கள். ஒரு பொருளுக்குப் பல சொல் இருந்தால் மொழிக்கு வளம்தான். ஆனால் இந்தச் சொற்கள் ஒவ்வொன்றுக்கும் உரிய பொருள் வேறு, அவற்றை இடம் மாற்றிப் போட்டால் சொல்ல வந்ததே மாறிவிடும்.

செடிகளையும் விலங்குகளையும் வகைப்படுத்தும்போது, ஒரு பெரிய தொகுதிக்குள் தனித்து நிற்கும் சிறிய கூட்டத்தை ஸ்பீசிஸ் என்பார்கள். அது இலத்தீன் சொல். பார்த்தல் என்று பொருள் தரும் வினையிலிருந்து வந்தது. முதலில் அதற்குத் தோற்றம், கண்ணுக்குத் தெரியும் உரு என்றுதான் பொருள். கிரேக்கத் தருக்கத்தில் ஒரு பெரிய தொகுதியையும் அதற்குள் அடங்கும் சிறிய தொகுதியையும் குறிக்க 'கெனோஸ்', 'எய்டோஸ்' என்று இரண்டு சொற்கள் இருந்தன. இலத்தீனில் எழுதியவர்கள் எய்டோஸுக்கு ஸ்பீசிஸ் என்பதைப் பிடித்துக்கொண்டார்கள். பிற்கால இலத்தீனில் அதே சொல் சரக்கு வகை என்றும் பொருள்பட்டது. அந்த வழியாக வந்ததுதான் மிளகு, கிராம்பு போன்றவற்றைச் சொல்லும் ஆங்கில 'ஸ்பைஸ்'. சுவீடன் நாட்டுத் தாவரவியலாளர் லின்னேயஸ் 1753இல் வெளியிட்ட நூலில் ஒவ்வொரு செடிக்கும் இரண்டு சொல்லில் பெயர் வைத்தார். முதற்சொல் பெரிய தொகுதி, இரண்டாவது அதற்குள் சிறியது. இன்றைக்கும் தாவரப் பெயர்களின் கணக்கு அந்த ஆண்டிலிருந்துதான் தொடங்குகிறது.

சரி, எந்த அளவு வேறுபட்டால் தனி ஸ்பீசிஸ்? உயரம், இலை நீளம், காயின் எடை எல்லாம் ஒரே தோட்டத்தில்கூட மரத்துக்கு மரம் மாறும். அளந்து வரிசையாக எழுதினால் சிறியதிலிருந்து பெரியதுவரை இடைவெளியே இல்லாமல் போகும். அப்படித் தொடர்ச்சியாக ஓடும் வேறுபாட்டை வைத்து யாரும் கோடு கிழிக்க மாட்டார்கள். தாவரவியலாளர் தேடுவது இடைவெளியை. இலை, பூ, காய், விதை என்று பல உறுப்புகளிலும் ஒரே சமயத்தில் வேறுபாடு வந்து, நடுத்தரமான செடி ஒன்றும் கிடைக்காமல் போனால் அங்கே ஒரு கோடு விழும். அப்புறம் அந்தச் செடிகள் எங்கெங்கே முளைக்கின்றன என்பதையும் வரைபடத்தில் குறித்துப் பார்ப்பார்கள். உருவமும் இடமும் ஒன்றுக்கொன்று சாட்சி சொல்ல வேண்டும்.

இதற்குச் செம்பனையைவிட நல்ல எடுத்துக்காட்டு நம் பக்கத்தில் இல்லை. மலாயாவில் முதன்முதலாக வணிகத்துக்குச் செம்பனை பயிரிட்டது 1917இல், இதே கோலசிலாங்கூர் வட்டாரத்துத் தென்னமரம் தோட்டத்தில். நம் தென்னைமரத்தை அப்படியே ஒலிக்கும் பெயர் அது. மரமோ மேற்கு ஆப்பிரிக்காவுக்குச் சொந்தம். அதன் அறிவியல் பெயர் எலையிஸ் கினியென்சிஸ்: முதற்சொல்லில் எண்ணெய்க்கான கிரேக்க வேர், இரண்டாவதில் கினிக் கடற்கரை. 1763இல் அதை விவரித்துப் பெயர் வைத்தவர் தாவரவியலாளர் ஜாக்கின். அவர் விவரித்த மரம் ஆப்பிரிக்காவில் நின்றதல்ல, கரீபியன் கடலில் உள்ள மார்ட்டினிக் தீவில் நின்றது. அடிமைக் கப்பல்கள் போன வழியில் மரமும் போயிருந்தது. ஆகவே இன்று ஓரிடத்தில் நிற்கிறது என்பதாலேயே ஒரு செடி அந்த மண்ணுக்குரியது ஆகிவிடாது. இயல்பாகப் பரவிய இடத்தையும் மனிதர் கொண்டுபோய் வைத்த இடத்தையும் பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும்.

அதே எலையிஸ் தொகுதியில் இன்னொன்று உண்டு, எலையிஸ் ஒலிஃபெரா. மத்திய அமெரிக்காவிலும் தென் அமெரிக்காவின் வட பகுதியிலும் இயல்பாக வளர்வது. நம் தோட்டத்து மரத்தின் ஓலையில் சிற்றிலைகள் பல கோணங்களில் திரும்பி நிற்பதால் ஓலை சிலிர்த்தாற்போல இருக்கும். அமெரிக்க மரத்தில் சிற்றிலைகள் ஒரே தளத்தில் தட்டையாகப் படிந்திருக்கும். அது மெதுவாக வளரும். வயதானால் தண்டு தரையில் படுத்துப் படுத்துப் போகும். இரண்டுக்கும் நடுவே அட்லாண்டிக் பெருங்கடல். உருவத்திலும் இடைவெளி, இடத்திலும் இடைவெளி, ஆகையால் தனித்தனி ஸ்பீசிஸ். ஒரு காலத்தில் அமெரிக்க மரத்தை வேறு பெருந்தொகுதியிலேயே வைத்தவர்களும் உண்டு. ஆனால் இரண்டையும் கலந்தால் கன்று வருகிறது, அது வளர்ந்து காய்க்கவும் செய்கிறது. மகரந்தத்தின் வீரியம் மட்டும் குறைவு, ஆள் வைத்து மகரந்தம் தூவ வேண்டியிருக்கிறது. கலந்தால் பிள்ளை பிறக்காது என்பதுதான் ஸ்பீசிஸுக்கு இலக்கணம் என்று பள்ளியில் மனப்பாடம் செய்திருப்போம். தாவரங்களில் அந்த ஒரு சூத்திரம் போதாது.

இப்போது குலைகளுக்கு வருவோம். பழத்தைக் குறுக்கே வெட்டினால் சிலவற்றில் கொட்டைக்கு ஓடு தடிப்பாக இருக்கும், அது டூரா. ஓடே இல்லாதது பிசிஃபெரா. பெரும்பாலும் அதன் குலை முற்றாமல் அழுகிவிடும். ஓடு மெல்லிதாகவும் சதை அதிகமாகவும் இருப்பது டெனெரா. இன்று தோட்டமெங்கும் நிற்பது அதுதான். முன்பு இந்த மூன்றையும் தனித்தனி 'வெரைட்டி' என்று தாவரவியல் பெயர் கொடுத்தே எழுதினார்கள். டெனெரா மற்ற இரண்டின் கலப்பு என்பதை 1941இல் பெல்ஜியக் காங்கோவில் வேலை செய்த பேர்னார்ட், வான்டர்வேயன் இருவரும் காட்டினார்கள். ஓட்டின் தடிப்பை ஆளுவது ஒரே ஒரு மரபணு. 2013இல் மலேசியச் செம்பனை வாரிய ஆய்வாளர்கள் உள்ளிட்ட குழு அந்த மரபணுவையே அடையாளம் கண்டு வெளியிட்டது. கண்ணுக்கு இவ்வளவு துலக்கமாகத் தெரியும் வேறுபாடு, ஆனால் அதற்குத் தனி ஊர் இல்லை, தனிக் கூட்டம் இல்லை. ஒரே தாய்க் குலையிலிருந்து மூன்று விதமும் பிறக்கலாம். ஆகவே அது ஸ்பீசிஸும் இல்லை, தாவரவியல் வகையும் இல்லை. பழ வடிவம், அவ்வளவுதான். காயாக இருக்கும்போது கறுப்பாக இருப்பதும் பச்சையாக இருப்பதும் இதே கதைதான்.

இடம் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதை 1855இல் சரவாக்கில் தங்கியிருந்த இயற்கை ஆய்வாளர் வாலஸ் எழுதினார்: புதிய ஸ்பீசிஸ் ஒவ்வொன்றும், தனக்கு நெருங்கிய வேறொரு ஸ்பீசிஸ் முன்பே இருந்த இடத்தையும் காலத்தையும் ஒட்டித்தான் தோன்றுகிறது. ஸ்பீசிஸ் எப்படித் தோன்றுகிறது என்று சொல்லும் டார்வினின் நூல் வெளிவருவதற்கு நான்கு ஆண்டு முன்பு, நம் நாட்டு மண்ணில் இருந்து எழுதிய வரி அது. நம் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லித்தரவேண்டும் என்று எனக்கு மிகுந்த ஆசை.

முழுதாகப் பிரியாமல் பாதி வழியில் நிற்பவையும் உண்டு. ஒரு ஸ்பீசிஸ் பெரிய நிலப்பரப்பில் பரவி, பகுதிக்குப் பகுதி உருவம் மாறி, எல்லையில் கலந்துகொண்டும் இருந்தால் அவற்றைச் 'சப்ஸ்பீசிஸ்' என்பார்கள். தஞ்சோங் காராங் வயல்களில் விளையும் நெல்லையே எடுத்துக்கொள்ளலாம். வெப்ப நாடுகளுக்குரிய இண்டிகா, குளிர்ப் பகுதிகளுக்குப் பொருந்திய ஜப்போனிக்கா என்று 1928இல் ஜப்பானிய அறிஞர் கத்தோ நெல்லைப் பிரித்தார். மணியின் உருவம் வேறு, பரவிய இடம் வேறு, இரண்டையும் கலந்தால் பதர் கூடும். ஆனாலும் கலக்கும்.

மண்ணாலும் குளிராலும் மட்டுமே வந்த மாற்றத்தை எப்படிக் கழிப்பது? வெவ்வேறு ஊர்ச் செடிகளைக் கொண்டுவந்து ஒரே நிலத்தில் நட்டுப் பார்க்க வேண்டும். சுவீடனில் தாவரவியலாளர் தூரெசோன் இப்படிச் செய்தார். பக்கத்தில் பக்கத்தில் வளர்ந்தும் சில வேறுபாடுகள் போகவில்லை, அவை பிறவியிலேயே வந்தவை என்று தெரிந்தது. 1922இல் அவர் அவற்றுக்கு 'ஈக்கோடைப்' என்று பெயர் வைத்தார். தமிழில் சூழல்வகை எனலாம்.

ரகம் என்ற சொல்லை நான் மனிதர் தேர்ந்து பெருக்கியவற்றுக்கு மட்டும் வைத்துக்கொள்வேன். முசாங் கிங், டி 24 எல்லாம் டுரியான் ரகங்கள். எல்லாமே டுரியோ சிபெத்தினஸ் என்ற ஒரே ஸ்பீசிஸ். போர்னியோவில் விளையும், சிவந்த பூவும் ஆரஞ்சு நிறச் சதையும் உள்ள டுரியோ குட்டெஜென்சிஸ் அப்படியில்லை, அது தனி ஸ்பீசிஸ். ஹருமானிஸ் மாம்பழத்தில் ஒரு ரகம், மாவுக்கு உறவான பாச்சாங் வேறு ஸ்பீசிஸ். பால்மர (ரப்பர்)க் காட்டில் ஒட்டுக்கட்டிப் பெருக்கிய ஆர்.ஆர்.ஐ.எம். 600 போன்றவை ஒரே தாய்மரத்தின் பிரதிகள், அவற்றுக்குக் 'குளோன்' என்றே தோட்டத்தில் சொல்கிறார்கள், விளங்குகிறது.

ஸ்பீசிஸுக்கு என்ன? இலங்கைப் பாடநூல்களில் இனம் என்பது வழக்கு. தமிழ்நாட்டுப் பாடநூல்களில் பேரினம், சிற்றினம் என்ற இணை. மலேசியாவில் எழுதும்போது நான் சிற்றினம் என்பதையே எடுப்பேன். இங்கே இனம் என்றால் மலாய்க்காரர், சீனர், இந்தியர் என்பதுதான் முதலில் நினைவுக்கு வரும். 'அழிந்துவரும் இனம்' என்று ஒரு மரத்தைப் பற்றித் தலைப்புப் போட்டால் வாசகர் ஒரு கணம் தடுமாறுவார். சாதி என்ற சொல் நம் தோட்டத்து வாழ்க்கையில் பட்ட காயம் போதும், செடிகளுக்கும் அதை ஏற்ற எனக்கு மனமில்லை. சிற்றினத்துக்கும் ஒரு தடை சொல்வார்கள். தமிழ்ப்பள்ளியில் திருக்குறள் படித்த யாருக்கும் சிற்றினம் சேராமை என்ற அதிகாரம் தெரியும், அங்கே அது கீழோர் கூட்டம். நியாயமான தடைதான். ஆனால் சிற்றூர், சிற்றாறு போல, பெரியதற்குள் அடங்கும் சிறியது என்ற உறவை இந்தச் சொல் சொல்கிறது. பேரினத்தோடு சேர்த்து எழுதும்போது பொருள் மயங்காது.

இப்படிப் பிரித்துப் பார்ப்பது தமிழுக்குப் புதிதும் அல்ல. வைரம், அதாவது தண்டின் கெட்டியான பகுதி, வெளிப்புறம் இருப்பது புல், உள்ளே இருப்பது மரம் என்று தொல்காப்பிய மரபியல் வகுத்திருக்கிறது. அந்தக் கணக்கில் தென்னையும் செம்பனையும் புல்தான். இன்றைய தாவரவியலும் பனைகளைப் புற்களோடு ஒருவித்திலைத் தாவரங்களில்தான் வைக்கிறது.

சப்ஸ்பீசிஸுக்குத் துணைச்சிற்றினம், அதற்கும் கீழே இயற்கையாக அமைந்த வெரைட்டிக்கு வகை, ஒரு செடி பரவியிருக்கும் இடப்பரப்புக்குப் பரவல் என்று வைத்துக்கொண்டால் எழுதுவது எளிது. செம்பனைப் பேரினத்தில் இரண்டு சிற்றினங்கள் உள்ளன. பெஸ்தாரி ஜெயாவில் நிற்பது ஆப்பிரிக்கச் சிற்றினம். அதன் பழ வடிவம் டெனெரா.